கார் ஏசிக்கு நானே கேஸ் ஏற்றிய ஐந்து கோடைகள்

என் காரின் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ் ஏற்ற ஆரம்பித்து இந்தக் கோடையோடு ஐந்து வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் தவறாகச் செய்தேன். அடுத்த மூன்று வருடமாக ஒரு கிராம் கேஸ்கூட ஏற்றவில்லை, ஏசி நன்றாகக் குளிர்கிறது. இடையில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் கோடையில் காற்று வேகமாக வந்தது, ஆனால் குளிரவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால் கேஸை அமுக்கும் கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் சில நொடிக்கு ஒருமுறை 'டக்'கென்று பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. கேஸ் குறைந்தால் லோ பிரஷர் சுவிட்ச் இப்படித்தான் கம்ப்ரஸரை நிறுத்தி நிறுத்திக் காப்பாற்றும். குழாயும் வண்ண மீட்டரும் சேர்ந்து வரும் ஆர்-134ஏ (கார் ஏசியில் ஓடும் குளிரூட்டும் கேஸ்) கேன் ஒன்றை வாங்கி, முள் பச்சைக்கு வரும்வரை ஏற்றினேன். பத்தே நிமிடத்தில் சில்லென்று ஆனது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் அடுத்த கோடைவரைதான் நீடித்தது. மறுபடி அதே சூடான காற்று.

இரண்டாவது கோடையில் 340 கிராம் கேன் முழுவதையும் ஏற்றிவிட்டேன். முள் அப்போதும் பச்சையில்தான் இருந்தது. ஆனால் கூலிங் முன்னைவிட மோசமானது, வண்டி நிற்கும்போது எஞ்சின் திணறியது. பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அண்ணன் மெஷினை மாட்டி, உள்ளே இருந்த கேஸை முழுவதும் உறிஞ்சி எடுத்து எடை பார்த்தார். 670 கிராம். பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருந்த அளவு 500 கிராம். "தம்பி, ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீராது. குறைஞ்சா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். அதைப் பார்க்காம மேல மேல ஏத்தினா எப்படி?" என்றார். அந்தக் கேள்விதான் என்னை மாற்றியது.

மீட்டர் ஏன் ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் செய்பவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே திரவம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்வரை அடுப்பு ஒரே மாதிரி எரியும், அழுத்தத்தை வைத்து மிச்சத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஏசியிலும் அப்படித்தான். எஞ்சின் அணைந்திருக்கும்போது, வெளியே 30 டிகிரி என்றால், உள்ளே 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அழுத்தம் சுமார் 97 பிஎஸ்ஐதான் காட்டும். எஞ்சின் ஓடும்போது லோ சைடில், அதாவது கம்ப்ரஸருக்குத் திரும்பும் அழுத்தம் குறைந்த பக்கத்தில், தெரியும் அழுத்தமோ வெளி வெப்பம், எஞ்சின் வேகம், கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியேற்றும், ரேடியேட்டர் போன்ற பகுதி) ஃபேன் என்று எல்லாவற்றையும் பொறுத்து ஏறி இறங்கும். அந்த ஒரு முள்ளை மட்டும் வைத்துக்கொண்டு அளவு சரி என்று சொல்லவே முடியாது. சரியான வழி எடை ஒன்றுதான்.

சரி, ஒழுகல் எங்கே? இரண்டாவது கேனில் யூவி டை, அதாவது யூவி வெளிச்சத்தில் ஒளிரும் சாயம், கலந்திருந்தது நல்லதாகப் போயிற்று. இரவில் விளக்கை அணைத்துவிட்டு யூவி டார்ச் அடித்துப் பார்த்தேன். லோ சைடு வால்வுக்குள் பச்சை கலந்த மஞ்சளாக ஒரு பளபளப்பு, கண்டென்சருக்குள் போகும் குழாயின் இணைப்பில் இன்னொன்று. சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற சின்ன வால்வு பின் ஒன்று, ரப்பர் ஓ-ரிங் ஒன்று. இரண்டு வருடம் என்னை அலைக்கழித்தவை இவைதான். கேஸ் ஏற்கெனவே காலியாக இருந்ததால் இரண்டையும் நானே மாற்றினேன். ஓ-ரிங்கை மாட்டும் முன் கம்ப்ரஸர் ஆயில் தடவ வேண்டும். எந்த ஆயில் என்பதைக் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் ஆயில் வேறு. மற்ற கார்களில் போடும் பிஏஜி ஆயில் அங்கே போனால் மின்காப்பே கெட்டுவிடும், அதனால் அந்தக் கார்களில் கை வைக்க வேண்டாம். ஒழுகலை அடைப்பதாகச் சொல்லும் சீலன்ட் கேனையும் நான் தொடுவதில்லை. பட்டறையின் உறிஞ்சும் மெஷினையே அது கெடுத்துவிடும்.

அப்புறம் வேக்கம், அதாவது உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது. இதற்காகவே ஒரு வேக்கம் பம்பும், நீலம், சிவப்பு, மஞ்சள் குழாய்கள் கொண்ட கேஜ் செட்டும் வாங்கினேன். குழாயைத் திறந்தால் காற்றும் ஈரமும் உள்ளே போய்விடும். ஈரம், கேஸ் விரிந்து குளிரும் சின்னத் துளையான எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக அடைக்கும், கேஸோடும் ஆயிலோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். வேக்கத்தில் அந்த ஈரம் சாதாரண வெயிலிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். முக்கால் மணி நேரம் ஓடவிட்டேன். பிறகு வால்வை மூடி அரை மணி நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை.

கேனைத் தராசில் வைத்து, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு, 500 கிராம் ஏற்றினேன். வேக்கமே முதலில் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். மீதிக்கு எஞ்சினை ஓட்டி, ஏசியை முழுக் குளிரில் வைத்து, கேனை நிமிர்த்தியே பிடித்து லோ சைடு வழியாக ஏற்ற வேண்டும். கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தால் திரவமாகப் போகும், திரவத்தைக் கம்ப்ரஸரால் அமுக்க முடியாது, உடைந்துபோகும். ஏற ஏறக் கேன் குளிர்ந்து வேகம் குறையும், அப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் போதும். வெந்நீர் கூடாது.

ஹை சைடில், அதாவது கம்ப்ரஸரிலிருந்து கேஸ் அழுத்தத்தோடு வெளியேறும் பக்கத்தில், கேனை எந்தக் காரணத்துக்காகவும் மாட்டாதீர்கள். அங்கே 200 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும், எஞ்சின் ஓடினால் கேன் வெடிக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் நான் தொடங்குவதே இல்லை. இந்தத் திரவம் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும், கண்ணில் ஒரு துளி பட்டால் போதும். புதிய கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப் கேஸ் லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உடையது, அதை வீட்டில் செய்ய நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று மனதை உறுத்தியது. ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறு வருடக் கணக்கில், 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். என் காரில் ஒரு வருடத்தில் ஒழுகியது 170 கிராம் என்று வைத்தாலும், நூறு லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். ஒழுகலைச் சரிசெய்யாமல் கேன் மேல் கேனாக ஏற்றுவது எவ்வளவு பெரிய தவறு என்று அந்தக் கணக்கைப் போட்டபோதுதான் உறைத்தது.

மூன்றாவது கோடையில், வெளியே 34 டிகிரி இருந்தபோது நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் 7 டிகிரி காட்டியது. நான்காவது கோடையில் 11 ஆனது. கேஸ்தான் போய்விட்டது என்று பயந்து பார்த்தால், கேபின் ஃபில்டர் முழுக்கத் தூசி, கண்டென்சர் முகப்பில் செத்த பூச்சிகள். ஃபில்டரை மாற்றி, மென்மையாகத் தண்ணீர் அடித்துக் கழுவியதும் 7க்கே திரும்பியது. கேனை வாங்கும் முன் இந்த இரண்டையும், கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள்.

இந்தக் கோடையில் 8 டிகிரி. ஆனால் போன வாரம் யூவி டார்ச் அடித்தபோது கம்ப்ரஸரின் முன்பக்கம், கிளட்சுக்குப் பின்னால், மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. கம்ப்ரஸரின் தண்டைச் சுற்றியுள்ள சீல் ஒழுக ஆரம்பித்திருக்கிறது. அதை மாற்றக் கேஸை வீணாக்காமல் உறிஞ்சி எடுக்கும் மெஷின் வேண்டும், கம்ப்ரஸரைக் கழற்றவும் வேண்டும். அந்த அண்ணனிடமே வண்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.