போர்க்கால ஜப்பானிய வாள்: படத்தில் நட்சத்திரம், பெட்டியில் அரத் தடம்

இங்கிலாந்தில் பழைய ராணுவப் பொருட்கள் விற்கும் ஒருவரிடம் இணையத்தில் ஜப்பானிய அதிகாரி வாள் ஒன்று வாங்கினேன். வங்கியில் புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரைப் போடவில்லை. செய்த வேலையை மட்டும் சொல்கிறேன், வாங்க நினைப்பவர்கள் உஷாராக இருங்கள்.

1945இல் பர்மாவிலும் மலாயாவிலும் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகள் ஒப்படைத்த வாள்கள் ஏராளம். பிரிட்டிஷ் படையினரோடு ஊருக்கு வந்தவை இன்றும் இங்கே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வெளித்தோற்றத்தை வைத்து விலை சொல்ல முடியாது. மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே துருவேறிய காம்பு இருக்கும். ஜப்பானியர் அதை நாகாகோ என்கிறார்கள். கொல்லரின் கையொப்பம், தேதி, முத்திரை எல்லாம் அதில்தான் இருக்கும். விலையும் அங்கேதான் முடிவாகிறது.

அந்தப் போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான வாள்கள் ஆலை எஃகில் அடித்து எண்ணெயில் தோய்த்துச் செய்யப்பட்டவை. இவற்றுக்கு ஷோவா-தோ என்று பெயர். கிஃபு மாகாணத்தின் செகி நகரம் இதற்குப் பேர்போனது. இத்தகைய பல வாள்களின் காம்பில், கையொப்பத்துக்கு மேலே, 'ஷோ' அல்லது 'செகி' என்ற எழுத்து சிறு முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். நட்சத்திர முத்திரை வேறு ரகம். ராணுவம் தேர்ந்தெடுத்த கொல்லர்கள் தமஹகானே என்ற, இரும்பு மணலை உருக்கி எடுக்கும் எஃகில் பழைய முறைப்படி செய்த வாள்களில் இது இருக்கும். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். ஒரே கொல்லர் இரண்டு ரகமும் செய்ததுண்டு, வம்பு அங்கேதான் ஆரம்பம்.

விளம்பரத்தில் இருந்த காம்புப் படத்தில் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது. அதன் கீழே 'நோஷு செகி ஜூ' (மினோவின் செகியில் வசிப்பவர்; மினோ என்பது கிஃபு பகுதியின் பழைய பெயர்) என்று தொடங்கி கொல்லரின் பெயர். மறுபக்கம் ஷோவா 19ஆம் ஆண்டு. ஷோவா என்பது அன்றைய ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டுக்கணக்கு; அதோடு 1925ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும், ஆக 1944. மூன்றாம் எழுத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு ஆணித்துளை இருந்தது. அந்த ரகத்துக்கு உரிய விலையைத்தான் கேட்டார், கொடுத்தேன்.

வந்த வாளைக் கழற்றினால் அதே ஊர், அதே பெயர், நட்சத்திரம் மட்டும் இல்லை. ஆணித்துளை எழுத்துகளைத் தொடாமல் மேலே தனியாக நிற்கிறது. எழுத்துகளும் மெல்லிசாக, வேறு கை வெட்டியது போல இருக்கின்றன. பட்டறைகளில் கொல்லருக்குப் பதிலாக எழுத்து வெட்டவென்றே ஆட்கள் இருந்தார்கள், அதனால் அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லமாட்டேன். ஆனால் கையொப்பத்துக்கு மேலே, நகம் அளவு இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். காம்பு முழுக்கச் சாய்வாகச் சீராக ஓடும் அரத் தடங்கள் அங்கே மட்டும் குறுக்கே போகின்றன. சுற்றிலும் கரும்பழுப்புத் துரு, அந்த இடம் மட்டும் செங்கல் நிறம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பள்ளத்தின் அடியில் ஒரு கோட்டின் மிச்சம்கூடத் தெரிகிறது. ஷோவா-தோ என்று காட்டிக்கொடுக்கும் முத்திரையை அராவி எடுத்துவிட்டு ஏதோ அமிலம் தடவித் துருவேற்றியிருக்கிறார்கள்.

கேட்டதற்கு வந்த முதல் பதில், 'வெளிச்சம் மாறினால் அப்படித் தெரியும்.' ஐயா, வெளிச்சம் மாறினால் ஓட்டை இடம் மாறுமா? இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு, முத்திரை இல்லாததே பாரம்பரிய வாள் என்பதற்குச் சாட்சி என்றார். சுத்தப் பொய். முத்திரை குத்தாத ஷோவா-தோ எத்தனையோ உண்டு. கடைசியில், பிடிக்காவிட்டால் ஜப்பானில் விற்றுக்கொள்ளுங்கள், நல்ல விலை போகும் என்று அறிவுரை வேறு. பழைய முறையில் செய்த வாளுக்குத்தான் ஜப்பானில் பதிவுச் சான்று தருவார்கள். ஷோவா-தோவுக்கு அது கிடைக்காது, சான்று இல்லாமல் அங்கே வைத்திருக்கவே முடியாது. இத்தனை வருஷம் இதே தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாதாம்!

வாங்குவதற்கு முன் காம்பையும் அலகையும் சேர்த்து, நுனி முதல் அடிவரை, ஒரே படத்தில் கேளுங்கள். பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டு இருக்க வேண்டும். காம்பை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம் எந்த வாளுடையதாகவும் இருக்கலாம். கைக்கு வந்ததும் ஆணித்துளையின் இடத்தையும் துருக்குழிகளையும் படத்தோடு ஒப்பிடுங்கள். அப்புறம், காம்பின் துருவைத் துடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். அந்தத் துருதான் சாட்சி, போனால் வழக்கும் போச்சு, வாளின் மதிப்பும் போச்சு. 'சுத்தம் செய்து கொடுத்திருக்கிறேன்' என்று விற்பவர் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பணம் கடன் அட்டையில் கட்டியது நல்லதாகப் போயிற்று. இந்த நாட்டுச் சட்டப்படி 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கு அட்டை கொடுத்த வங்கியும் பொறுப்பு. படங்கள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறேன். வாள் கழற்றிய நிலையிலேயே என்னிடம் இருக்கிறது.

போன வாரம் அதே நட்சத்திரப் படத்தோடு, விலையை ஏற்றி, இன்னொரு வாள் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். ஷோவா 19, மூன்றாம் எழுத்தைக் கடித்த ஆணித்துளை. இந்தப் படம் கண்ணில் பட்டால் பணம் அனுப்பாதீர்கள்.