புது ரைஃபிள்ல போல்ட் கரகரன்னு ஓடுதா? திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி இத பாத்துடுங்க

டெக்சாஸ்ல மான் சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை ஆரம்பிக்கும், அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே 600 டாலருக்குள்ள ஒரு புது போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கிட்டேன் (போல்ட்ங்கறது கைப்பிடி வச்ச இரும்பு உருளை, கையால இழுத்துத் தள்ளினா தோட்டாவ உள்ள ஏத்திப் பூட்டும்), 308 வின்செஸ்டர் தோட்டா போடறது, ஸ்கோப்பையும் கடைலயே மாட்டிக் குடுத்துடுங்கன்னு சொல்லி. கம்பெனி பேரும் கடை பேரும் போடல, ஏன்னா இந்த விலைல வர்ற நிறைய ரைஃபிளுக்கு இதே பிரச்சனதான், ஒரு பேர போட்டா எல்லாரும் அத மட்டும் திட்டிட்டு வேற ஒண்ண வாங்கி அதே இடத்துல வந்து நிப்பாங்க.

முதல்லயே சொல்லிடறேன், துப்பாக்கி நல்ல துப்பாக்கி. எடை அளவா இருக்கு, டிரிக்கர் இழுத்தா இழுவை இல்லாம பட்டுனு விடுது, 100 கெஜத்துல மூணு தோட்டாவும் ஒரு இன்ச்சுக்குள்ள விழுது, இந்தக் காசுக்கு இதுக்கு மேல கேக்க முடியாது. ஆனா போல்ட்ட இழுத்தா துருப்புடிச்ச கதவுத் தாழ்ப்பாள இழுக்கற மாதிரி இருந்துச்சு, தள்ளி மூடறப்போ கடைசியா கைப்பிடி கீழ இறங்கற இடத்துல ஒரு பிடி வேற. கடைல கேட்டா புது துப்பாக்கி அப்படித்தான் இருக்கும் ஓட ஓட சரியாயிடும்னு சொல்லிட்டாங்க. அதுல பாதிதான் உண்மை, மீதிப் பாதி எதுன்னுதான் இந்த ரிவ்யூ.

சொரசொரப்பா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே சுட்டா சரின்னு நினைக்காதீங்க. முதல் குண்டு பட்ட மான் சில சமயம் அப்படியே நிக்கும், சில சமயம் தடுமாறி ஓடும், அப்போ ரெண்டாவது தோட்டா ஒரு நொடில உள்ள போகணும். போல்ட் முரண்டு பண்ணா கை தன்னால பாதிலயே நிறுத்தி முன்னாடி தள்ளிடும், மேகசின்லேர்ந்து தோட்டா மேல ஏறவே ஏறாது. அத விட மோசம், கைப்பிடி முழுசா கீழ இறங்காம கொஞ்சம் தூக்கிக்கிட்டு நின்னா, டிரிக்கர இழுக்கறப்போ தோட்டாவ அடிச்சு வெடிக்க வைக்கற ஊசி, அதான் ஃபயரிங் பின், அதோட வேகத்துல கொஞ்சம் போல்ட்ட கீழ திருப்பறதுக்கே செலவாயிடும், தோட்டா அடில இருக்கற பிரைமர்ல அடி லேசா விழும், டிக்குனு சத்தம் மட்டும் வரும். அடிபட்ட மிருகத்த அந்த நிலைல விட்டுடறது எனக்கு தாங்கவே தாங்காது, அதுக்காகத்தான் இவ்ளோ நீட்டி எழுதறேன்.

சரி எங்க ஆரம்பிக்கறது. மேகசின கழட்டுங்க, போல்ட்ட முழுசா பின்னாடி இழுங்க, தோட்டா போய் உக்கார்ற சேம்பருக்குள்ள கண்ணால பாருங்க, சுண்டு விரல விட்டும் தடவிப் பாருங்க. தோட்டா டப்பா அந்த ரூம்லயே இருக்கக் கூடாது. தோட்டா வச்சு ஏத்தி இறக்கிப் பாக்கணும்னா டம்மி தோட்டா கடைல கிடைக்கும் அத வாங்கிக்கங்க, நிஜ தோட்டாவ வச்சு வீட்டுக்குள்ள டெஸ்ட் பண்ற வேலையே வேணாம்.

போல்ட் சொரசொரன்னு இருக்குன்னு மொத்தமா சொன்னா யாராலயும் உதவி பண்ண முடியாது. எந்த இடத்துல சொரசொரங்குது, அதுதான் கேள்வி. கைப்பிடிய மேல தூக்கறது, பின்னாடி இழுக்கறது, முன்னாடி தள்ளறது, கீழ இறக்கறது, இந்த நாலுக்கும் காரணம் வேற வேற. தூக்கறப்போ கனமா இருந்தா அது பெரும்பாலும் ஸ்பிரிங்தான், மவுசர் 98லேர்ந்து இன்னிக்கு வர்ற வேட்டை ரைஃபிள் வரைக்கும் கைப்பிடிய தூக்கறப்போதான் ஃபயரிங் பின் ஸ்பிரிங் அமுங்குது, போல்ட்டோட பின் பக்கம் சரிவா வெட்டியிருக்கற காக்கிங் கேம் அந்த வேலைய செய்யுது. போல்ட் முனைல நீட்டிட்டு நின்னு அத பூட்டற பல்லுக்குத்தான் லக்னு பேர், ரெமிங்டன் 700 மாதிரி ரெண்டு லக் வச்ச போல்ட் 90 டிகிரி திரும்பும், பிரவுனிங் எக்ஸ்-போல்ட் மாதிரி மூணு லக் வச்சது 60 டிகிரிதான் திரும்பும், அதே ஸ்பிரிங்க கம்மி தூரத்துல அமுக்கணும்னா கைக்கு கனமாத்தான் தெரியும், அது குறையே இல்ல. சந்தேகமா இருந்தா மேனுவல்ல சொல்ற மாதிரி ஃபயரிங் பின் செட்ட போல்ட்லேர்ந்து கழட்டிட்டு வெறும் போல்ட்ட மட்டும் போட்டு திருப்பிப் பாருங்க, அப்போ வழுக்கிட்டு வந்தா கேம்லதான் விஷயம், ஒரு பொட்டு கிரீஸ் போதும்.

எனக்கு தூக்கறதுல பிரச்சன இல்ல. பின்னாடி இழுக்கறப்போ கரகர, மூடறப்போ கடைசில பிடி. ரெண்டும் ஒரே நோய்னு நினைக்கத் தோணும், ரெண்டும் தனித்தனி.

கரகரக்கு காரணம் ஃபேக்டரிதான். போல்ட் ஓடற தடத்த ரிசீவருக்குள்ள, அதாவது போல்ட்ட சுத்தி இருக்கற இரும்புக் கூட்டுக்குள்ள, வெட்டி எடுக்கறாங்க, விலை கம்மியான ரைஃபிள்ல அதுக்கப்புறம் யாரும் உக்காந்து பாலிஷ் போடறதில்ல, வெட்டின கோடு அப்படியே இருக்கும், ஓரத்துல பிசிறு இருக்கும், மேல துருப்புடிக்காம இருக்க அடிச்ச எண்ணெய் ஷெல்ஃப்ல கிடந்து பிசுபிசுன்னு ஆகியிருக்கும். நண்பர் ஒருத்தர்கிட்ட டிக்கா டி3எக்ஸ் இருக்கு, ஃபின்லாந்துல ரீஹிமாகி ஊர்ல சாக்கோ ஃபேக்டரில செய்யறது, அது தடமும் வழவழன்னு இருக்கும் போல்ட்டும் ஆட்டம் இல்லாம உக்காந்திருக்கும், அத ஒரு தடவ இழுத்துட்டு என்னோடத இழுத்தா அழுகையே வரும். விலையும் கூடதான், ஒத்துக்கறேன்.

போல்ட்ட உருவி சால்வென்ட் போட்டு துடைச்சேன், அப்புறம் நீளமான காட்டன் குச்சிய லக் போய் உக்கார்ற குழிக்குள்ள விட்டு சுத்தி எடுத்தா கருப்பு மை மாதிரி ஒட்டிக்கிட்டு வருது, வெளிச்சத்துல பாத்தா அதுக்குள்ள பொடிப் பொடியா மினுக்குது. அரப்பொடி. புது துப்பாக்கிக்குள்ள அரப்பொடி. குச்சி வெள்ளையா வர்ற வரைக்கும் துடைச்சுட்டு, போல்ட் உடம்புக்கு லேசா ஆயில், லக்கோட பின் முகத்துக்கும் காக்கிங் கேமுக்கும் மட்டும் கிரீஸ், சேம்பர் காய்ஞ்சு இருக்கணும் அங்க எதுவும் வேணாம். அதுக்கப்புறம் தினமும் சாயந்தரம் டிவி பாத்துட்டே போல்ட்ட இழுத்து தள்ளிட்டே இருந்தேன், நடுவுல நடுவுல துடைச்சு மறுபடி ஆயில். கரகர குறைஞ்சுடுச்சு, இன்னும் டிக்கா ஆகல, ஆகவும் ஆகாது, ஆனா இப்போ வேகமா இழுத்தா ஒண்ணும் தெரியல. இழுக்கற விதமும் இருக்கு பாருங்க, ரெண்டு விரலால நோண்டி மெதுவா இழுத்தா போல்ட் ஒரு பக்கமா சாஞ்சு தடத்துல மாட்டும், உள்ளங்கைல நேரா வேகமா தள்ளணும். இன்னொண்ணு, காலி மேகசின் மாட்டியிருந்தா அதுல தோட்டாவ மேல தூக்கற தட்டு போல்ட்டோட அடில உரசும், அதையும் சொரசொரப்புன்னு நினைச்சுடுவோம், அதனாலதான் கழட்டிட்டு பாக்கச் சொன்னேன்.

மூடறப்போ இருந்த பிடி மட்டும் இம்மி கூட குறையல. இங்கதான் மார்க்கர் பேனா. லக் ரெண்டையும் கருப்பு மார்க்கரால சுத்தி பூசி, காய விட்டு, போல்ட்ட போட்டு மூடித் திறந்து வெளிய எடுத்துப் பாருங்க, எங்க மை போயிருக்கோ அங்கதான் உரசுது. லக்கோட பின் முகத்துல மை போயிருந்தா நல்லது, அது தாங்க வேண்டிய இடம். எனக்கு மேல் லக்கோட வளைஞ்ச முதுகுல, நடுவுல, பளபளன்னு ஒரு சின்ன வட்டக் கோடு. அங்க எதுவும் படவே கூடாது.

இந்த மாதிரி ரெண்டு லக் ரைஃபிள்ல போல்ட் மூடினப்புறம் ஒரு லக் நேர் மேல, ஒண்ணு நேர் கீழ நிக்கும். மேல் லக்குக்கு சரியா மேலதான் ஸ்கோப்ப தாங்கற முன் பக்க மவுண்ட்டோட பின் ஸ்க்ரூ ஓட்டை வருது. மவுண்ட் பாக்கெட்ல வேற வேற நீளத்துல ஸ்க்ரூ வரும், கடைல நீளமானத இங்க போட்டுட்டாங்க, அது ரிசீவர் கூரைய தாண்டி உள்ள வந்து லக் முதுகுல கீறிக்கிட்டு இருந்துச்சு. அந்த ஒரு ஸ்க்ரூவ மட்டும் கழட்டிட்டு போல்ட்ட மூடினேன், கைப்பிடி தானா விழுந்துச்சு. இது எத்தன வருஷம் ஓட்டினாலும் தேய்ஞ்சு சரியாகற விஷயமா சொல்லுங்க? கோடு கீழ் லக்குல இருந்தா, தோள்ல வைக்கற கட்டையையும் ரிசீவரையும் சேக்கற முன் ஆக்‌ஷன் ஸ்க்ரூ நீளமா இருக்கான்னு பாருங்க, அதே கதைதான் அடிப்பக்கம். பின் மவுண்ட் ஸ்க்ரூ நீண்டா போல்ட் உடம்புல நெடுக்க கோடு விழும்.

நான் பிரச்சனைல இருக்கறது கேட்டு தம்பி ஒருத்தர் போன் பண்ணி, "அண்ணா, வால்வ் தேய்க்கற பேஸ்ட்ட லக்குல தடவி மூடித் திறந்தா வழுவழுன்னு ஆயிடும்னு வீடியோல பாத்தேன், பண்ணவா?"னு கேட்டார். பண்ணாதீங்க தம்பி. லக்கோட பின் முகத்துல இரும்ப தேய்ச்சு எடுத்தா போல்ட் பின்னாடி நகரும், தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல இருக்க வேண்டிய அளவு கூடும், அந்த அளவு சரியா இருந்தாதான் சுடறப்போ தோட்டாவோட பித்தளை கேஸ் கிழியாம இருக்கும். மேல கடினப்படுத்தின தோலும் போயிடும். கேஜ் வச்சு அளந்து கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி ரிப்பேர் பண்றவர், பண்ற வேலை அது. அதே மாதிரி, காலியா இருக்கறப்போ நல்லா ஓடி, சுட்டப்புறம் மட்டும் கைப்பிடி தூக்க முடியலன்னா கிரீஸ் டப்பாவ மூடி வச்சுடுங்க, அது ஒண்ணு தோட்டால பிரஷர் அதிகமா இருக்கணும், இல்ல சேம்பர்ல பிரச்சன இருக்கணும், சுடறத நிறுத்திட்டு காட்டுங்க.

லக்குல கீறல் விழுந்ததால நானும் கன்ஸ்மித்கிட்ட காட்டினேன், மேலாக்கதான், பயம் இல்லன்னார், ஓட்டை விளிம்புல இருந்த பிசிற மட்டும் எடுத்து 40 டாலர் வாங்கினார். கடைக்கு ஸ்க்ரூவையும் போல்ட்டையும் எடுத்துட்டுப் போய் காட்டினேன், பேசாம சரியான நீளம் எடுத்துக் குடுத்தாங்க, மவுண்ட் கம்பெனி தாள்ல இருந்த அளவுக்கு டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கினாங்க, அந்த 40 டாலர பத்தி மட்டும் வாயே திறக்கல. ஸ்கோப் மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ, மாட்டினப்புறம் ஒரு தடவ, போல்ட்ட மூடிப் பாத்திருந்தா கவுண்ட்டர்லயே தெரிஞ்சிருக்கும், அரை நிமிஷ வேலை.

ரைஃபிளுக்கு 5க்கு 4, அந்த ஒண்ணு அரப்பொடிக்காக குறைச்சது. கடைல விலையும் ஸ்டாக்கும் நல்லா இருக்கு, அடுத்த துப்பாக்கியும் அங்கதான் வாங்குவேன், ஸ்கோப்ப மட்டும் வீட்டுக்கு கொண்டு வந்து நானே மாட்டிக்குவேன்.