50இல் நிற்கும் பட்டை: ஒரு டௌ ஆன்டிபாடியோடு நான்கு வருடம்

பக்கத்து லேப் நண்பர் போன வாரம் கேட்டார்: "உங்க டௌ ஆன்டிபாடி எப்படி, வாங்கலாமா?" சட்டென்று பதில் வரவில்லை. நான்கு வருடமாக அதோடு மல்லுக்கட்டுகிறவன் நான். டௌ என்பது நரம்பணுக்களில் இருக்கும் ஒரு புரதம்; அதைத் தேடிப்பிடித்து ஒட்டுவது இந்த ஆன்டிபாடி. வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் மாதிரியின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஓட்டி, மெம்பிரேன் என்ற தாளுக்கு மாற்றினால், ஆன்டிபாடி ஒட்டிய இடம் பட்டையாகத் தெரியும்.

சுண்டெலியில் உருவான மோனோகுளோனல், அதாவது புரதத்தின் ஒரே இடத்தைப் பிடிக்கும் ஒரே வகை ஆன்டிபாடி. டௌவின் எல்லா வடிவங்களையும் பிடிக்கும். மனித மூளை மாதிரியில் குறை சொல்ல இடமில்லை. பாஸ்பேட்டை நீக்கிவிட்டு ஓட்டினால் ஆறு ஐசோஃபார்மும் (டௌவின் மாற்று வடிவங்கள்) ஏணிப்படி மாதிரி வரிசையாக நிற்கும். 1:1000 அளவில் கரைத்ததையே ஐந்து தடவை திரும்பப் பயன்படுத்தியிருக்கிறேன், பட்டை மங்கவில்லை.

வம்பெல்லாம் சுண்டெலி மூளையில்தான். 50 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) தடியாக ஒரு பட்டை வரும். முதல் வருடம் அதையும் டௌ என்று நம்பி, அளந்து, கிராஃப் வேறு போட்டு வைத்திருந்தேன். அப்புறம் ஒருநாள் டௌ மரபணுவே இல்லாத நாக்அவுட் எலியின் மூளையை ஓட்டினேன். மேலே இருந்த பட்டைகள் காணாமல் போயின. 50 மட்டும் அசையவில்லை. இல்லாத புரதத்துக்கு அவ்வளவு பெரிய பட்டை!

காரணம் பிரைமரி, அதாவது டௌவைப் பிடிக்கும் இந்த ஆன்டிபாடி, இல்லை. அதன்மேல் ஒட்டிப் பட்டையைக் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடியான செகண்டரிதான். சுண்டெலி ஆன்டிபாடி எங்கே இருந்தாலும் தேடிப்போய் ஒட்டுவது செகண்டரியின் வேலை. மூளையில் தங்கிய ரத்தத்தில் எலியின் சொந்த ஆன்டிபாடியான ஐஜிஜி இருக்கிறது. ஓட்டும்போது அது கனச் சங்கிலி, லேசான சங்கிலி என்று பிரியும்; கனச் சங்கிலி 50இல் ஓடும், டௌ ஓடுகிற அதே வட்டாரத்தில். பெர்ஃப்யூஷன் செய்து ரத்தத்தைக் கழுவினாலும் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்கிறது.

லேசான சங்கிலியை மட்டும் பிடிக்கும் செகண்டரிக்கு மாறினேன். தொல்லை 25க்கு இறங்கிப் போனது. இன்னொரு வழியும் உண்டு, அது எனக்கு ரொம்பப் பிடித்தது: எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் சேர்க்காத லைசேட்டை (அரைத்த மூளைக் கரைசலை) கொதிநீரில் பத்து நிமிடம் வைப்பது. மற்ற புரதங்கள் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டுவிடும். நிலையான மடிப்பு இல்லாத டௌ மட்டும் கரைசலிலேயே இருக்கும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மேலே தெளிந்ததை எடுத்து ஓட்டினால் போதும். முதல் தடவை அந்தச் சுத்தமான மெம்பிரேனைப் பார்த்தபோது படம் எடுத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஆக, ஆன்டிபாடிமேல் தப்பில்லை. ஆனால் தகவல் தாளில் "சுண்டெலி: பொருந்தும்" என்று ஒரு வரிதான். நாக்அவுட் படம் இல்லை, செகண்டரி பற்றி ஒரு எச்சரிக்கை இல்லை. எழுதிக் கேட்டதற்கு "பிளாக்கிங் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்" என்று பதில் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி மெம்பிரேனை முன்கூட்டியே மூடுவதுதான் பிளாக்கிங்). கூட்டிக் கூட்டிப் பார்த்ததில் ஆறு மாதம் போனது.

நண்பர் ஓட்டப்போவது மனித மூளை மாதிரிகளைத்தான். இந்தச் சிக்கலே அவருக்கு வராது. இருந்தும், "வேண்டாம், முயலில் உருவானதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். என் குப்பி தீரப்போகிறது. நேற்று அதையேதான் மறுபடி ஆர்டர் போட்டேன்.