டெக்சஸ் சொத்து வரி வாரியங்கள்: நிரந்தரத் தடையா, இடைவெளியா?

டெக்சஸ் மாநிலத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது. பள்ளிகளும் நகராட்சிகளும் கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு) நிர்வாகங்களும் பெருமளவு சொத்து வரியை நம்பியே இயங்குகின்றன. ஆகவே ஒரு வீட்டின் மதிப்பை யார் நிர்ணயிக்கிறார்கள், அதை எதிர்க்கும் உரிமையாளரின் முறையீட்டை யார் கேட்கிறார்கள் என்பவை அங்கே குடும்பங்களின் வரவுசெலவைத் தொடும் கேள்விகள். சொத்துகளின் மதிப்பைக் கணக்கிடும் உள்ளூர் நிர்வாகத்துக்கு மதிப்பீட்டு மாவட்டம் என்று பெயர். அவை ஒவ்வொன்றிலும் இதற்கு இரண்டு அமைப்புகள் உள்ளன. தலைமை மதிப்பீட்டாளரை நியமித்து, நிதிநிலைத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது இயக்குநர் குழு. முறையீடுகளை விசாரித்து முடிவு சொல்வது குடிமக்களைக் கொண்ட மறுஆய்வு வாரியம். இரண்டுக்கும் பதவி வரம்பு உண்டு என்றாலும், அந்த வரம்புகள் ஒரே நியாயத்தில் பிறந்தவை அல்ல.

மறுஆய்வு வாரிய உறுப்பினரின் பதவிக்காலம் 2 ஆண்டுகள். மக்கள்தொகை 1,20,000-ஐ எட்டிய கவுண்டிகளில் ஒருவர் மூன்று பதவிக்காலங்கள் இருந்துவிட்டால், பிறகு ஒருபோதும் அந்த வாரியத்துக்குத் திரும்ப முடியாது. அதைவிடச் சிறிய கவுண்டிகளிலோ தொடர்ச்சியாக மூன்று பதவிக்காலங்கள் முடித்தவர் அடுத்த ஒரு பதவிக்காலம் மட்டும் விலகி நிற்க வேண்டும். அதன்பின் மீண்டும் நியமிக்கப்படலாம். ஒன்று நிரந்தரத் தடை, மற்றொன்று இடைவெளி.

வரம்பே வேண்டாம் என்போரின் வாதத்தில் உண்மை இருக்கிறது. விசாரணை அறையில் பெரும்பாலும் மூன்று உறுப்பினர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒரு பக்கம் மாவட்டத்தின் மதிப்பீட்டாளர், ஒப்பீட்டு வீடுகளின், அதாவது மதிப்பை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த இதே போன்ற வீடுகளின், பட்டியலைத் திரையில் காட்டுவார். மறுபக்கம் வீட்டுக்காரர், அடித்தளத்தில் விழுந்த விரிசலின் படங்களையும் ஒப்பந்தக்காரர் கொடுத்த பழுதுச் செலவு மதிப்பீட்டையும் நீட்டுவார். சில நிமிடங்களுக்குள், அந்த ஒப்பீட்டு வீடுகள் உண்மையிலேயே ஒப்பிடத்தக்கவையா, பரப்பளவுக்கும் வயதுக்கும் செய்யப்பட்ட சரிக்கட்டல் நியாயமானதா, சந்தை மதிப்பு சரியாகவே இருந்தாலும் அக்கம்பக்கத்து வீடுகளோடு பார்க்கையில் இந்த வீடு மட்டும் கூடுதலாக மதிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதை உறுப்பினர்கள் எடைபோட வேண்டும். மாநிலத்தின் தலைமை நிதி அதிகாரியான கம்ப்ட்ரோலரின் அலுவலகம் தரும் பயிற்சி கட்டாயம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் எந்த வரியைப் பிடித்துக் கேள்வி கேட்பது என்ற தேர்ச்சி பல பருவங்கள் உட்கார்ந்த பிறகே கைவரும்.

எனினும் வரம்பு தேவை என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். வீட்டுக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார். மதிப்பீட்டு மாவட்டத்தின் ஊழியர்களும், கட்டணம் பெற்றுப் பலருக்காக வாதாடும் வரி முகவர்களும் நாள்தோறும் அதே அறைக்கு வருகிறார்கள். வாரியத்தின் செலவும் அதே மாவட்டத்தின் நிதியிலிருந்தே வருகிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே முகங்களைப் பார்த்துப் பழகிய உறுப்பினருக்கு, யாருடைய எண் நம்பத்தக்கது என்ற முன்முடிவு தம்மை அறியாமலே உருவாகிவிடும்.

அப்படியானால் எந்த வரம்பு? இடைவெளி முறையே மேல். பழக்கத்தை அறுக்க ஒரு பதவிக்காலத்து விலகல் போதும். தேர்ந்த ஒருவரை வாழ்நாள் முழுக்க இழக்கத் தேவையில்லை. மேலும், பெரிய கவுண்டிகளுக்கான விதி ஒரு பதவிக்காலத்தின் பகுதியையும் முழுதாகவே கணக்கிடுகிறது. யாரோ விலகியதால் நடுவில் வந்து சில மாதங்களே பணியாற்றியவர், தம் மூன்று வாய்ப்புகளில் ஒன்றை இழக்கிறார். முறையீடுகள் மலையாகக் குவியும் ஹாரிஸ், டாலஸ் போன்ற கவுண்டிகளில்தான் அனுபவசாலிகளின் தேவை மிகுதி. அங்கேதான் இந்தக் கடுமையும் இருக்கிறது.

இயக்குநர் குழுவின் விதியோ நேர் எதிர்த்திசையில் தளர்ந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பதவிக்காலங்களை உச்சவரம்பாக வைத்தது. கவுண்டியின் வரி வசூல் அதிகாரி என்ற முறையில் அமர்ந்தவர்களுக்கும், 1,20,000-க்குக் குறைவான மக்கள்தொகை உள்ள கவுண்டிகளுக்கும் விலக்குத் தந்தது. அப்போது பதவிக்காலம் 2 ஆண்டுகள், ஆக மொத்தம் 10 ஆண்டுகள். 2023-இல் நிறைவேறிய சட்டமும், அந்த நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தமும் 75,000 பேரோ அதற்கு மேலோ உள்ள கவுண்டிகளில் மூன்று இயக்குநர்களை நேரடித் தேர்தலுக்கு உட்படுத்தி, பதவிக்காலத்தை 4 ஆண்டுகளாக்க வழிசெய்தன. முதல் தேர்தல் 2024 மே மாதம் நடந்தது. அதே ஐந்தை நான்கால் பெருக்கினால் 20 ஆண்டுகள். 75,000-க்கும் 1,20,000-க்கும் இடைப்பட்ட கவுண்டிகளிலோ நான்காண்டுப் பதவி உண்டு, வரம்பு கிடையாது. வழக்கைக் கேட்பவர் ஆறே ஆண்டுகளில் நிரந்தரமாக வெளியேற, அவரை நியமிக்கும் அதிகாரத்தை 2024 முதல் பெற்றுள்ள குழுவினர் இருபது ஆண்டு அமரலாம் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இயக்குநர் வரம்பைப் பதவிக்காலங்களில் எண்ணாமல் ஆண்டுகளில் எழுதியிருந்தால் இந்தக் கோளாறு நேர்ந்திருக்காது.

கலிபோர்னியா வேறு பாதையில் செல்கிறது. அங்கே மேல்முறையீட்டு வாரிய உறுப்பினருக்குப் பதவிக்காலம் 3 ஆண்டுகள். மாநிலச் சட்டம் மறுநியமனத்துக்கு வரம்பு வைக்காமல், பெரிய கவுண்டிகளில் கணக்காளர், வழக்கறிஞர், உரிமம் பெற்ற வீட்டுமனைத் தரகர், அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் போன்றோராக ஐந்தாண்டு அனுபவத்தைக் கேட்கிறது. திறமையை இது வாசலிலேயே உறுதிசெய்கிறது. ஆனால் பழக்கத்தால் வரும் சாய்வுக்கு இதில் மருந்து இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரும் கடைக்காரரும் அமரும் நாற்காலிகள் தொழில்முறை வட்டத்துக்கே போய்விடுவதால், டெக்சஸுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.