ஈஜிஆர் அடைப்புத் தகடு: எந்த வண்டிக்குத் தேறும், எதற்குத் தேறாது

எஞ்சின் புகையில் ஒரு பகுதியைத் திரும்பக் காற்று நுழையும் (இன்டேக்) பக்கத்துக்கே அனுப்பும் அமைப்புதான் ஈஜிஆர். அதன் வால்வை அடைக்க விற்கும் பிளாங்கிங் பிளேட் கிட்டைப் பிரித்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. வால்வின் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) வடிவத்துக்கு வெட்டிய ஒரு தகடு, இரண்டு கேஸ்கெட், சில கிட்டில் கொஞ்சம் நீளமான போல்ட்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு கிட்டுக்கும் இன்னொரு கிட்டுக்கும் தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

முதலில் உலோகத்தைப் பாருங்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகி நெளிந்துவிடும். பாரம் இழுக்கும் டீசல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (புகை வெளியேறும் முதல் குழாய்த்தொகுதி) சூடு 700 டிகிரியைத் தொடும். அந்தப் பக்கம் அலுமினியத் தகட்டை மாட்டுவது வீண் வேலை. 304 ஸ்டெயின்லெஸ், 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் நம்பி வாங்கலாம். 1 மில்லிமீட்டர் தகடு போல்ட்டை இறுக்கும்போதே நடுவில் உப்பிக்கொள்ளும். லேசரில் வெட்டிய ஓரத்தில் பிசிறு நின்றால் கேஸ்கெட் உட்காராது, அரம் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

தகட்டைப் பற்றி இதற்கு மேல் குறை சொல்ல ஏதுமில்லை. வாங்குபவர் என்ன எதிர்பார்த்து வாங்குகிறார் என்பதில்தான் சிக்கல்.

பெரும்பாலோர் இதைத் தேடி வருவது செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0401 என்ற பிழைக் குறியீடு வந்த பிறகு. அந்தக் குறியீட்டுக்குப் பொருள், ஈஜிஆர் வழியாகப் போதிய வாயு வரவில்லை என்பது. தகடு போட்டால் கொஞ்சநஞ்சம் வருவதும் நின்றுபோகும்! வால்வைத் திறக்கச் சொன்ன பிறகு ஏர்ஃப்ளோ சென்சாரில் காற்றின் அளவு குறைகிறதா என்று எஞ்சினின் கணினியான ஈசியூ பார்க்கும். வெளிக்காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்வதால் அது குறைந்தே தீர வேண்டும். குறையாவிட்டால் அதே குறியீடு, சில வண்டிகளில் எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும் லிம்ப் மோடும் சேர்ந்து வரும். இதை ஏமாற்றத்தான் நடுவில் 6 முதல் 10 மில்லிமீட்டர் ஓட்டை போட்ட தகட்டையும் விற்கிறார்கள். பழைய வண்டிகளில் சில நேரம் பலிக்கும், ஆனால் அந்தச் சின்ன ஓட்டை சீக்கிரமே கரியில் அடைந்துபோகும்.

‘பவர் கூடும்’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது நல்ல நிலையில் உள்ள ஈஜிஆர் வால்வு எப்படியும் மூடித்தான் இருக்கும். தகடு போட்டபின் வண்டி பறக்கிறது என்றால், அதுவரை வால்வு கரி பிடித்துத் திறந்தபடி சிக்கியிருந்தது என்று அர்த்தம். அதற்கு வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். கார்ப் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷால் தேய்த்து, ஊசி தன் இருக்கையில் முழுதாக அமர்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்மோட்டார் உள்ள முனையைத் திரவத்தில் ஊறப்போடக் கூடாது, ஊசியைப் பலவந்தமாகத் தள்ளவும் கூடாது. உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடைந்தால் புது வால்வுதான். மாட்டிய பிறகு ஸ்கேனரில் அடாப்டேஷன் செய்யாவிட்டால் மூடிய நிலை எது என்று ஈசியூவுக்குத் தெரியாது.

கிட் ஓரளவு பொருந்துவது வேக்வம் குழாயால் இயங்கும் வால்வு கொண்ட, நிலையறியும் சென்சார் இல்லாத பழைய டீசல்களுக்குத்தான். பெட்ரோல் எஞ்சினில் கை வைக்காதீர்கள். ஈஜிஆர் வாயு எரிதல் சூட்டைக் குறைக்கும் என்ற கணக்கில்தான் இக்னிஷன் டைமிங் வைத்திருப்பார்கள். அதை அடைத்தால் நாக்கிங் (எரிபொருள் தப்பான நேரத்தில் வெடித்து எஞ்சின் தட்டுவது) வரலாம். புகையில் யூரியா தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆர் உள்ள புது டீசல்களிலும் வேண்டாம். நைட்ரஜன் ஆக்சைடு ஏறியதை டெயில்பைப் பக்கத்து சென்சார் காட்டிக்கொடுத்துவிடும். புகைக் கட்டுப்பாட்டு உறுப்பை முடக்குவது பல நாடுகளில் சட்டவிரோதம்; ஆய்வில் வண்டி தேறாது.

பொருத்தும் வேலையில் நேரத்தைத் தின்பது போல்ட்டுகள்தான். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். வராத போல்ட்டை மல்லுக்கட்டித் திருகினால் தலை முறிந்து, மேனிஃபோல்டில் துளை போட்டு எடுக்கும் நிலை வரும். கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுக்க வேண்டும். தகடு மேனிஃபோல்டிலிருந்து குழாய் புறப்படும் சூடான பக்கத்தில் இருப்பதே சரி. இன்டேக் பக்கத்தில் போட்டால் ஈஜிஆர் புகையைக் குளிர்விக்கும் கூலரும் வால்வும் புகையில் நின்றுகொண்டே இருக்கும். தகட்டின் இரு முகத்திலும் ஆளுக்கொரு புது கேஸ்கெட், போல்ட் மரையில் செம்புப் பசை. எம்8 போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் அதன்படி. போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். வால்வின் மின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டால் மின்சுற்றுக் கோளாறைக் காட்டும் பி0403 வரும், அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கூலரையே கழற்றச் சொல்லும் முழு டிலீட் கிட் வேறு ரகம். அதில் கூலன்ட் ஹோஸ்களை ஒன்றோடொன்று இணைத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஏர்லாக் நின்றால் எஞ்சின் சூடேறும். கூலர் உள்ளே ஓட்டையாகி கூலன்ட் குறைந்துகொண்டிருக்கும் வண்டிக்கு வெறும் தகடு மருந்தாகாது, கசிவு இன்டேக் பக்கமாகத் தொடரும்.

மாட்டி ஓட்டிய பின் ஃபிளாஞ்ச் ஓரத்தைப் பாருங்கள். கறுப்புக் கோடு தெரிந்தால் புகை கசிகிறது. ஆறவிட்டு மறுபடி இறுக்குங்கள், அப்படியும் கோடு வந்தால் தகடு நெளிந்திருக்கிறது.