தானோஸ், டார்க்சைட், ரோலெக்ஸ்: சொன்ன சொல்லைக் காப்பாற்றியது யார்?

"அக்கா, தானோஸ் பெரிய வில்லனா, ரோலெக்ஸ் பெரிய வில்லனா?"

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து நான் பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் இப்படிக் கேட்டான். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "டார்க்சைடை ஏன் விட்டுட்ட?" என்று சண்டைக்கு வந்தாள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகள், அன்று அரைமணி நேரம் தமிழில் வாதாடினார்கள். அதற்காகவே இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஒரே உலகத்தில் பல படங்கள் என்ற இந்த ஏற்பாடு முழுக்க முழுக்கக் காத்திருக்க வைக்கும் வித்தை. படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முகத்தைக் காட்டி, 'இவன் வருவான், இருங்கள்' என்கிறார்கள். நாமும் இருக்கிறோம். அதனால் சண்டைக் காட்சி, கிராபிக்ஸ் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, கொடுத்த வாக்கை யார் காப்பாற்றினார்கள் என்பதை வைத்துத்தான் மூன்று உலகங்களையும் நான் எடை போடுகிறேன்: தானோஸ் வரும் மார்வெல், டார்க்சைட் வரும் டிசி (இரண்டும் அமெரிக்க சூப்பர்ஹீரோ படங்கள்), ரோலெக்ஸ் வரும் லோகேஷ் கனகராஜின் தமிழ்ப் படங்கள்.

முதலில் மார்வெல். 2012-இல் முதல் அவெஞ்சர்ஸ் படத்தின் முடிவில் தானோஸ் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான், அவ்வளவுதான். அவன் முழு ஆளாக இறங்கியது 2018-இல் வந்த இன்ஃபினிட்டி வாரில். நடுவில் ஆறு வருடம். வந்தபோது அந்தப் படத்தையே அவன் கதையாக்கினார்கள். உயிர்களில் பாதியை அழித்தால்தான் மிச்சம் பாதி பிழைக்கும் என்று அவன் மனதார நம்புகிறான். நாயகர்கள் தோற்றுச் சாம்பலாகப் போகும்போது தியேட்டரில் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த வருடம் எண்ட்கேம். 2008-இல் ஐயன் மேனில் தொடங்கிய டோனி ஸ்டார்க்கின் கதை 22-ஆவது படத்தில், அவன் உயிரைக் கொடுப்பதோடு முடிகிறது. பதினொரு வருடம் காத்திருந்தவனுக்குக் கூலி கிடைத்தது. இதை இதுவரை வேறு யாரும் இந்த அளவில் செய்யவில்லை.

இங்கே இருப்பவர்களுக்கு மார்வெல் மேல் தனிப் பாசம் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. மார்வெல் படங்களில் வரும் வகாண்டா கற்பனை நாடுதான், ஆனால் அங்கே பேசுவது நம் நாட்டு மொழியான கோசா. 2016-இல் சிவில் வார் படத்தில் அந்நாட்டு மன்னர் டிசாக்காவாக நடித்தவர் தென்னாப்பிரிக்க நாடகத்தின் பெரியவர் ஜான் கானி. கோசா அவர் தாய்மொழி. மகனாக நடித்த சாட்விக் போஸ்மனும் அந்த வசனங்களைக் கற்றுக்கொண்டு பேசினார். 2018-இல் பிளாக் பேந்தர் வந்தபோது இளவயது டிசாக்காவாக வந்தது ஜான் கானியின் சொந்த மகன் அடாண்ட்வா. எங்கள் டர்பன் தெருக்களில் கேட்பது ஸூலு. கோசாவுக்கு அக்கா தங்கை மாதிரி. என் மாணவி ஒருத்தி தன் ஸூலு தோழியோடு அந்தப் படத்துக்குப் போயிருக்கிறாள். திரையில் கோசா வந்த இடத்தில், கீழே ஓடும் எழுத்தை இவள் படித்து முடிப்பதற்குள் தோழி சிரித்துவிட்டாளாம். "எங்க ஆயா தமிழ்ப் படம் பார்க்கறப்ப நான் அவங்க முகத்தைப் பார்த்துதான் சிரிப்பேன், அதே மாதிரி இருந்துச்சு அக்கா" என்றாள். மார்வெலின் முப்பத்துச் சொச்சம் படங்களில் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது இன்றைக்கும் அதுதான்.

ஆனால் எண்ட்கேமுக்குப் பிறகு வந்தது வேறு மார்வெல். 2022-இல் இரண்டாவது டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் வாண்டா என்ற நாயகி ஏன் இப்படி மாறிப்போனாள் என்று புரிய வேண்டுமானால், முன் வருடம் வந்த வாண்டாவிஷன் தொடரைப் பார்த்திருக்க வேண்டும். 2023-இல் தி மார்வெல்ஸ் பார்க்கும் முன் இரண்டு தொடர்களை முடித்திருக்க வேண்டும். இது பரீட்சைக்குப் படிப்பது மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் மல்டிவெர்ஸ். இந்த உலகத்தில் செத்தவன் இன்னோர் உலகத்தில் இருப்பான் என்றால், டோனி செத்தபோது நாம் அழுத அழுகைக்கு என்ன மதிப்பு? டோனியாக நடித்த அதே ராபர்ட் டவுனி ஜூனியரை டாக்டர் டூம் என்ற வில்லனாகத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் சந்தோஷமில்லை.

டிசி கதை வேறு. அங்கே வாக்கு கொடுத்தவரே பாதியில் போக வேண்டி வந்தது. 2013-இல் மேன் ஆஃப் ஸ்டீலில் தொடங்கிய ஜாக் ஸ்னைடர், மகளைப் பறிகொடுத்த துயரத்தில் 2017-இல் ஜஸ்டிஸ் லீக்கை விட்டு விலகினார். வேறொருவர் கையில் போய் இரண்டு மணி நேரமாகச் சுருங்கி வந்த படத்தில் டார்க்சைடின் முகமே இல்லை. சூப்பர்மேனாக நடித்தவரின் மீசையைக் கணினியில் அழித்ததில் மேலுதடு ஒட்டவைத்த மாதிரி தெரியும். ரசிகர்கள் விடவில்லை. வருடக் கணக்கில் குரல் கொடுத்தார்கள், கூடவே தற்கொலைத் தடுப்புக்காக நிதியும் திரட்டினார்கள். 2021-இல் நான்கு மணி நேரப் படமாக ஸ்னைடரின் வடிவம் வந்தது, டார்க்சைடும் வந்தான். அவன் பூமிக்கு இறங்க வேண்டிய அடுத்த படம் வரவே இல்லை. பிறகு ஜேம்ஸ் கன் பொறுப்பேற்று, 2025-இல் புது சூப்பர்மேனோடு முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். ஆக, டார்க்சைட் கட்சிக்காரிக்கு என் பதில்: உன் வில்லன் மேல் குறையில்லை, அவனை நம்பிக் காத்திருந்தவர்களைத்தான் ஏமாற்றிவிட்டார்கள். டிசியில் தனியாக நிற்கும் படங்களைப் பார். 2017-இன் வொண்டர் உமன் போதும்.

சரி, நம்ம ஊர் உலகம். லோகேஷ் கனகராஜின் கைதி 2019-இல் வந்தபோது அது ஓர் உலகத்தின் தொடக்கம் என்று யாருக்கும் தெரியாது. ஒரே இரவு, ஒரு லாரி, மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்கள், முகமே பார்த்திராத மகளைப் பார்க்கப் போகும் அப்பா டில்லி. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. டில்லி விபூதியை எடுத்து நெற்றியில் அள்ளிப் பூசிக்கொண்டு சண்டைக்குத் திரும்பும் இடத்தில், வருடா வருடம் காவடி எடுக்கும் சாட்ஸ்வொர்த் குடும்பங்களுக்கு வசனமே தேவைப்படவில்லை. தமிழ் தெரியாத பையன்கள்கூட எழுந்து நின்று கத்தினார்கள். கேப்டன் அமெரிக்காவின் கேடயத்துக்கு அவர்கள் கைதட்டுவார்கள். விபூதிக்குக் கத்தியது வேறு மாதிரி.

2022-இல் லோகேஷின் விக்ரம் வந்து பழசையெல்லாம் இழுத்துக் கட்டியது. கைதியின் வில்லன்கள் அன்புவும் அடைக்கலமும் திரும்பி வருகிறார்கள், 1986-இல் வந்த பழைய விக்ரமின் ஏஜெண்ட்டும் அதே ஆளாக வருகிறார். வீட்டு வேலைக்காரம்மா ஏஜெண்ட் டீனாவாக மாறும் அந்த ஒரு காட்சிக்கு எந்த முன்கதையும் தேவையில்லை. எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டு படத்தையும் தலைகீழ் வரிசையில் பார்த்தாலும் ஒவ்வொன்றும் முழுச் சாப்பாடு. அடுத்து வந்த லியோ படத்தில்தான் இது தடுமாறியது. கைதியின் போலீஸ்காரர் நெப்போலியன் வருவதும், கடைசியில் போனில் விக்ரமின் குரல் கேட்பதும் அந்தக் குடும்பக் கதைக்குத் தேவையே இல்லை. பெயருக்குச் சேர்த்த மாதிரி இருந்தது.

அப்போ ரோலெக்ஸ்? விக்ரமின் கடைசியில் சில நிமிடங்கள்தான் சூர்யா. முகமெல்லாம் ரத்தம், கண்ணில் ஈரமே இல்லை. தானோஸின் முதல் சிரிப்பைவிட அந்த நிமிடங்களின் பலம் அதிகம் என்று தயங்காமல் சொல்வேன். ஆனாலும் பையனிடம் தானோஸ்தான் பெரிய வில்லன் என்றேன். தானோஸ் வந்தான், ஜெயித்தான், விலை கொடுத்தான். ரோலெக்ஸ் இன்னும் ஒரு வாக்குறுதிதான். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. என்ன செய்வது, இதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

வாக்குறுதி என்றதும் அந்தப் பையனின் ஆயா ஞாபகம் வருகிறது. எண்பது வயது. பேரனோடு உட்கார்ந்து கைதி மட்டும் பார்த்திருக்கிறார். கூழ் ஊற்றும் நாளில் கோயில் வாசலில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்த லாரிக்காரன் புள்ளையக் கூட்டிட்டுப் போனானே, அப்புறம் பள்ளிக்கூடத்துல சேத்தானா?"

கைதி இரண்டாம் பாகம் இதை எழுதும் வரை வரவில்லை. "வந்ததும் சொல்றேன் ஆயா" என்றேன்.