எல்லா வேலையையும் எழுதுவதா, பொருந்துவதை மட்டும் எழுதுவதா?

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்தில் இரண்டு ஆண்டு மெர்ச்சண்டைசராகவும் (ஆர்டர் முதல் சரக்கு அனுப்புவதுவரை கவனிப்பவர்), பின்னர் சென்னைக் கால் சென்டரில் நான்கு மாதமும் இருந்துவிட்டு, மூன்று ஆண்டுகளாக மென்பொருள் டெஸ்டராகப் பணிபுரியும் ஒருவர் அடுத்த வேலைக்கு ரெஸ்யூமே எழுதுகிறார் என்று கொள்வோம். மூன்றையும் எழுதலாம், டெஸ்டிங்கை மட்டும் எழுதலாம்.

மூன்றையும் எழுதினால் காலவரிசையில் இடைவெளி விழாது. ஆனால் நூல் கவுண்ட், சாம்பிள், ஷிப்மென்ட் என்று பழைய வேலைக்கும் ஐந்தாறு வரிகள் ஒதுக்கினால், டெஸ்டிங் விவரம் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும்.

டெஸ்டிங்கை மட்டும் எழுதினால் பக்கம் கச்சிதமாகும்; இழப்பும் உண்டு. சாம்பிள் துணியில் குறை கண்டுபிடித்து, அதை வெளிநாட்டு பையருக்கு மின்னஞ்சலில் விளக்கி, தேதி தவறாமல் சரக்கை அனுப்பவைத்த பழக்கம் டெஸ்டருக்கு வேண்டாததா என்ன? பலர் இத்தகைய வேலையை நீக்குவது பொருந்தாததால் அன்று, ஐ.டி. உலகில் அதைச் சொல்லக் கூசுவதால்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டு வரியிலாவது அது இருக்கட்டும்.

சிக்கல் அந்த நான்கு மாதத்தில்தான். புதிய வேலைக்கு அது எதையும் சேர்க்காது என்பதால் ரெஸ்யூமேயில் விட்டுவிடலாம். நேர்காணலில் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் வேலை உறுதியான பின் வரும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் (பின்னணிச் சரிபார்ப்பு) படிவம் வேறு வகை. முந்தைய நிறுவனங்கள் அனைத்தையும் கேட்டு, உண்மை என்று கையொப்பமும் வாங்கும் படிவத்தில் ஒன்றை விடுவது தேர்வு அன்று, மறைப்பு. 2014 முதல் வழங்கப்படும் 12 இலக்க யு.ஏ.என். எண்ணின்கீழ் (ஊழியரின் வருங்கால வைப்பு நிதிக் கணக்குகளை இணைக்கும் எண்), அந்த நிதியை, அதாவது பி.எஃப்., கட்டிய ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் வரிசையாகத் தெரியும். வருமான வரி பிடித்திருந்தால் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இலும் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். ரிலீவிங் லெட்டர் (பணிவிடுப்புக் கடிதம்) வாங்காமல் வந்திருந்தாலும், அதை முன்கூட்டியே எச்.ஆரிடம் சொல்லிவிடுவது, ஆஃபர் கைக்கு வந்தபின் பிடிபடுவதைவிட மேல்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், எழுதும் முன் பி.எஃப். நிதியை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ. தளத்தில் பணி வரலாற்றைத் திறந்து பார்த்துவிட வேண்டும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கியதுபோல் தோன்றும். அந்த நிறுவனத்தின் கடைசி பி.எஃப். சந்தா செலுத்தப்பட்டு இரண்டு மாதம் கடந்திருந்தால், அந்தத் தேதியை ஊழியரே அங்கே பதிந்துகொள்ளலாம்.